கடலைப் பார்த்த வீடு

பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் மனை வாங்கி வீடு கட்டப் புகும் நம்மவர், பொறியாளரிடம் முதலில் சொல்லும் சொல் இப்போது ஒன்றே ஒன்றுதான்: "கடலைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும்." கிழக்குச் சுவர் முழுதும் கண்ணாடி, அதன் முன்னே தூணின்றி நீட்டிய மேல்தளத் தாழ்வாரம், தட்டைக் கூரை, அதன் விளிம்பில் பளபளக்கும் எஃகுக் கைப்பிடி, ஐந்து படுக்கையறை, ஐந்துக்கும் தனித்தனிக் குளியலறை. படம் துபாயிலிருந்து கைப்பேசி வழியே வந்துவிடுகிறது. வராவிட்டால், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது கண்ட ஏதோ ஒரு மாளிகையைச் சுட்டினால் போதும். வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் எழும் வீட்டுக்கும், வெள்ளாற்று முகத்துவாரத்தில் எழும் வீட்டுக்கும் இன்று வேற்றுமை காண முடிவதில்லை. ஒன்றில் ஏரிக்காற்று, மற்றதில் உப்புக்காற்று என்பதைப் படம் வரைந்தவர் அறிந்ததாகவே தெரியவில்லை.

இந்த வீட்டை நாம் மறுக்கிறோம். பழமையின்மீது கொண்ட காதலால் மறுக்கவில்லை. புதிய காலத்துக்குப் புதிய வீடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. நம் வழக்கு வேறு. கடற்கரையில் நிற்கத் தகுதியற்றது இவ்வீடு. குடும்பம் வாழத் தகுதியற்றது இவ்வீடு. சபராளி ஒருவர் தம் இளமையைக் கொடுத்து ஈட்டிய பொருளை அவர் கண்ணெதிரிலேயே துருவாக உதிர்ப்பது இவ்வீடு.

முதலில் நம் முன்னோரைப் பார்ப்போம். மஹ்மூது பந்தர் என்றும், போர்ட்டோ நோவோ என்றும் பெயர் பெற்ற பரங்கிப்பேட்டையிலிருந்து துணிப்பொதி ஏற்றி ஆச்சேக்கும் கெடாவுக்கும் கப்பல் விட்டவர்கள் அவர்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் ஆங்கிலேயரும் வந்து பண்டகசாலை வைக்கப் போட்டியிட்ட துறைமுகம் அது. கடலை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்கள் எங்கே வீடு கட்டினார்கள்? அலை வந்து அறையும் மணலிலா? இல்லை. வெள்ளாற்றின் வடகரையில், கடலிலிருந்து உள்ளே ஒதுங்கி, ஒருவர் வீட்டு நிழல் மற்றவர் சுவரில் விழும்படியான தெருக்களில் கட்டினார்கள். கடலில் வாழ்ந்து திரும்பியவர்களுக்கு வீட்டிலும் கடல் தேவைப்படவில்லை. தெருவுக்குத் திண்ணை, திண்ணைக்கு உள்ளே நடை, நடை கடந்தால் வானம் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், பின்னே அடுப்படி, கிணறு, கொல்லை. ஆண்டுக்கணக்கில் ஆண்கள் அக்கரைச் சீமையில் இருக்க, பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் அச்சமின்றி வாழ்ந்த வீடு அது.

இந்த அமைப்பைக் கேலி செய்வோர் உளர். 'இருட்டு வீடு, புகை வீடு, பெண்ணை அடைத்து வைத்த வீடு' என்பர். இதில் ஒரு பாதி உண்மை. அடுப்படி புகையில் கண் கலங்கி நின்ற பெண்களின் துன்பத்தை நாம் மறைக்கப் போவதில்லை. இரவு நேரத்தில் கொல்லைக் கோடிக்கு விளக்கெடுத்துப் போக வேண்டியிருந்த கிழவியரின் இடரையும் மறுக்கவில்லை. உள்ளறைகளில் பட்டப்பகலிலும் கைவிளக்கு வேண்டியிருந்தது உண்டு. இவற்றையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். மாற்றியவர்களைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் 'பெண்ணை அடைத்த வீடு' என்ற குற்றச்சாட்டை மட்டும் புதிய வீட்டின் வாசலில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். பழைய வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தலைக்குமேல் வானம் இருந்தது. மழை முற்றத்தில் விழுவதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நிலா முற்றத்துக்கு வந்தது. காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் தங்களுக்குள் போய்வர முடுக்குகளே உண்டு. புதிய வீட்டில் என்ன நடக்கிறது? கடலைப் பார்க்கவென்று வைத்த கண்ணாடிச் சுவர், கடற்கரையில் உலாவுகிற அத்தனை பேருக்கும் வீட்டின் உட்புறத்தைக் காட்டுகிறது. ஆகவே குடி புகுந்த முதல் வாரத்திலேயே கனமான திரை தொங்குகிறது. காலையில் வெயிலுக்காகத் திரை. மாலையில் மறைவுக்காகத் திரை. இரவில் உள்ளே விளக்கெரிவதால் திரை. பட்டப்பகலில் கூடத்தில் மின்விளக்கு எரிகிறது. கடலைப் பார்த்த வீட்டிலிருந்து கடலைப் பார்த்தவர் எவரும் இல்லை! வானம் தெரிந்த முற்றத்தை மூடிவிட்டு, திரை தொங்கும் கண்ணாடியைப் பெற்றதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்கும் ஒழுக்கத்தைத் திருக்குர்ஆனின் நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த ஒழுக்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தால் அதுவே திண்ணையும் நடையும். வந்தவர் திண்ணையில் நின்று குரல் கொடுப்பார். நடை நேராக உள்ளே போகாமல் சற்றே திரும்பிச் செல்வதால், கதவு திறந்திருந்தாலும் தெருவின் பார்வை முற்றத்தை எட்டாது. உள்ளிருப்பவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். இன்றைய வீட்டிலோ தலைவாசலைத் திறந்தால் கூடம், கூடத்திலேயே சாப்பாட்டு மேசை, அதற்கு அப்பால் தடுப்பில்லாத சமையலறை. வந்தவர் வாசற்படியில் நிற்கும்போதே அடுப்பில் கொதிப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அரபு மொழியில் வீட்டுக்கு வழங்கும் 'மஸ்கன்' என்ற சொல், அமைதி கொள்ளுதல் என்ற வேரிலிருந்து பிறந்தது. கண்ணாடிக்குள் காட்சிப் பொருளாய் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கிருந்து வரும் அமைதி?

இனி வெயிலுக்கும் காற்றுக்கும் வருவோம். நம் கடல் கிழக்கே இருக்கிறது. இந்தச் சிறு உண்மையை மேற்கே கடல் உள்ள நாட்டுப் படங்களைப் பார்த்து வீடு வரைகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிழக்குச் சுவரைக் கண்ணாடியாக்கினால், சூரியன் எழுந்தது முதல் முற்பகல் வரை சாய்ந்த கதிர்கள் நேரே உள்ளே பாயும். சாய்வாக வரும் இந்த வெயிலைச் சன்னலுக்கு மேல் நீட்டிய இரண்டடித் தகடு தடுக்காது. கூடம் காலையிலேயே அடுப்பாகிவிடும். பிறகு நாள் முழுதும் குளிர்பதனப் பெட்டி உழைக்க வேண்டும். கோடையில் கச்சான் வீசி ஊரே வாடும்போது, பிற்பகலில் கடற்காற்று எழுந்து வந்து உயிர் தருமே, அந்தக் காற்றுக்குக் கண்ணாடி கதவடைக்கிறது. கூலியின்றிக் கிடைப்பதை விரட்டிவிட்டு மின்கட்டணம் செலுத்தி அதையே வாங்குகிறோம். ஐப்பசி கார்த்திகையில் வாடையும் கொண்டலும் மழையைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்து அடிப்பதும் இதே கிழக்குச் சுவரின்மீதுதான். வெயில், உப்பு, மழை, புயல் ஆகிய நான்கும் வந்து மோதும் திசையில் வீட்டின் மிக மெல்லிய தோலை வைப்பவரை என்னென்பது!

கான்கிரீட் என்றால் சாசுவதம் என்றொரு நம்பிக்கை நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. வாப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 'நூறு வருஷம் நிற்கும்' என்று மகன் கான்கிரீட் வீடு எழுப்புகிறார். பதினைந்து ஆண்டு கழித்துத் தளத்தின் அடிப்பகுதி பாளம் பாளமாக உரிந்து, உள்ளே பழுப்பேறிய கம்பி பல்லைக் காட்டும்போது கொத்தனாரைத் திட்டுகிறார். கொத்தனார்மேல் குற்றம் பாதிதான். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை எட்டியதும் அந்தப் படலம் அழிகிறது. துருப்பிடித்த இரும்பு, தான் இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேலான இடம் கேட்கும். இடம் கிடைக்காததால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவு வழியே இன்னும் உப்பு; இன்னும் துரு.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு, அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பிக்கு மேல் எத்தனை கனம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று சூழலுக்குத் தக்கபடி பிரித்துச் சொல்கிறது. இடரற்ற உள்நாட்டுச் சூழலில் 20 மில்லிமீட்டர். கடற்கரைக் காற்றுக்கு வெளிப்பட்டதற்கு 45. கடல்நீர்த் திவலை படும் இடத்துக்கு 50. கான்கிரீட்டின் தரமும் முறையே எம் 20, எம் 30, எம் 35 என உயர்கிறது. நம் ஊர்களில் வாய்ப்பாடாக ஒப்பிக்கும் 'ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு' கலவை எம் 20ஐக் கூட எட்டாது. கலவை நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பதும் அதே ஏட்டில் உண்டு. கடற்கரை மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டு, நாக்கில் வைத்தால் கரிக்கும் நீரிலேயே தளம் போட்டு, அதே நீரை ஊற்றிப் பதப்படுத்துகிற காட்சியைக் காணாதவர் யார்? வெளியிலிருந்து உப்பு வர ஆண்டுகள் ஆகும் என்று நாமே உள்ளே போட்டு வைக்கிறோம்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'பின்னால் மகளுக்கு மேல்மாடி கட்டலாம்' என்று மொட்டைமாடியில் தூண் கம்பிகளை நான்கடி உயரத்துக்கு நீட்டி விட்டுவைக்கும் வழக்கம். நல்ல எண்ணம்தான். மூடாமல் விட்ட அந்தக் கம்பிகள் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்று, மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்து, மழை நீரோடு துருவைத் தூணுக்குள் இறக்குகின்றன. மாடி கட்டும் நாளில் அந்தக் கம்பி பயன்படாது. கீழ்வீட்டின் தூணும் நோயுற்றிருக்கும். மெல்லிய கலவையில் அவற்றைப் புதைத்து வைக்க ஒரு நாள் வேலை போதும். செய்வாரில்லை. கைப்பிடிக்கு வாங்கும் 'துருப்பிடிக்காத' எஃகிலும் 304, 316 என்று தரம் உண்டு. கடற்கரைக்கு ஏற்றது இரண்டாவது. விற்பனைக்கு எளிதில் கிடைப்பது முதலாவது. ஓராண்டில் அதன்மீது தேநீர்க் கறை போல் படர்வதைக் கண்டு வியக்கிறார்கள்.

அலையைப் பற்றிப் பேசாமல் கடற்கரை வீட்டைப் பற்றிப் பேச இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினமும் சோனாங்குப்பமும் சாமியார்பேட்டையும் எம்.ஜி.ஆர். திட்டும் அன்று பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் பணியாற்றிய இராசேந்திரனும் அக்கரையோரத்து 18 குக்கிராமங்களை ஆராய்ந்து 2005இல் எழுதினர். உயிரிழப்பையும் பொருளிழப்பையும் மூன்று செய்திகள் குறைத்தன என்றனர்: கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், இடையே நின்ற அலையாத்தி முதலிய மரங்கள். அதே ஆண்டு வேறொரு பன்னாட்டுக் குழுவும் இம்மாவட்டத்தை ஆராய்ந்து, மரங்கள் நின்ற இடத்தில் சேதம் குறைவு என்றது. பின்னர் வந்த அறிஞர் சிலர் அந்த 18 கிராமக் கணக்கையே மீண்டும் கூட்டிப் பார்த்து, மரத்துக்குக் கொடுத்த பெருமை மிகை, தூரமும் உயரமுமே பெரும்பங்கு வகித்தன என்று மறுத்தனர். வீடு கட்டுகிறவருக்கு இந்த வாதத்தில் எப்பக்கம் வென்றாலும் ஒன்றுதான். தூரப் போ, உயரக் கட்டு என்பதில் இரு சாராரும் ஒத்துப் போகின்றனர். நம்மவரோ, அலைக்கு அருகிலும் சாலை மட்டத்திலும் கட்டி, 'காட்சியை மறைக்கிறது' என்று சவுக்கையும் வெட்டுகிறார்கள்.

2005 மார்ச்சில் தமிழக அரசு பிறப்பித்த ஆணைப்படி, அலையில் வீடிழந்த மீனவர்க்கு அலைக்கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புது வீடு கட்டித் தரும் ஏற்பாடு நடந்தது. கட்டுமரத்தைத் தோளால் தள்ளிக் கடலில் விடுகிறவர், பாதுகாப்பு கருதிப் பின்னே போகச் சொல்லப்பட்டார். வாரம் ஒருமுறைகூடக் கடலில் கால் நனைக்காதவர் முன்னே வந்து மனை தேடுகிறார். இது எந்த ஊர் நியாயம்? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991இல் முதலில் வந்தது. 2011இல் திருத்தி எழுதப்பட்டது. 2019 ஜனவரியில் வெளியான அறிவிப்பு, மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2161ஐத் தாண்டிய கிராமப்புறங்களில் கட்டக்கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்க வழி செய்தது. இதைக் காட்டி மனைத் தரகர்கள் இனிப்பு வழங்குகிறார்கள். சட்டம் அனுமதித்த இடமெல்லாம் அறிவு அனுமதித்த இடமாகிவிடாது. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோதும், 2024 நவம்பர் 30 இரவு 'பெஞ்சல்' வந்து, அடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் புகுந்தபோதும், வெள்ளம் எந்த அறிவிப்பின் எல்லைக்கல்லையும் பார்த்து நிற்கவில்லை.

'அப்படியானால் சுண்ணாம்பும் நாட்டு ஓடுமாகத் திரும்பிப் போகச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். இல்லை. கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரிக் கடலோரத்தில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி நிற்கிறது. ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்த கட்டிடம். முழுக்க முழுக்கக் கான்கிரீட். நம் நாட்டில் நவீனக் கட்டிடம் என்ற பேச்சே எழாத காலத்தில் எழுந்த நவீனக் கட்டிடம். அதில் கண்ணாடிச் சுவர் இல்லை. நீண்ட முகங்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, குறுகிய பக்கங்களைக் கிழக்கு மேற்கு வெயிலுக்குக் கொடுத்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை திருப்பத்தக்க தகடுகள். மூடினால் மழை வராது, திறந்தால் காற்று போகும். அறைக் கதவுகளும் காற்றை விடும் தேக்குச் சட்டங்கள். கூரைத்தளத்துக்கு மேல் வளைந்த ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியதால் வெயிலின் சூடு தளத்தை எட்டுவதில்லை. கலவையைக் கண்ணும் கருத்துமாகச் செய்து, அவசரமின்றிக் கட்டினார்கள். எண்பதாண்டு உப்புக்காற்றைக் கண்டும் கம்பீரமாக நிற்கிறது. ஆக, குற்றம் கான்கிரீட்டில் இல்லை.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் கட்டுவேன் என்பவருக்கும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜித்தாவில் பணிபுரிந்து திரும்பாத நம் கடற்கரை ஊர் உண்டா? அந்நகரின் பழைய பகுதியை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. செங்கடலின் பவளக்கல்லால் எழுப்பிய உயர்ந்த வீடுகள். அவற்றின் முகமெங்கும் 'ரவ்ஷன்' எனப்படும் மரப் பலகணிகள். பின்னிய மரச்சட்டங்கள் ஊடே கடற்காற்று உள்ளே வரும். வெளியார் பார்வை வராது. உள்ளிருக்கும் பெண் தெருவையும் கடலையும் வேண்டியமட்டும் பார்ப்பாள். நம் ஊர்ப் புழுக்கத்தையும் உப்பையும் ஒத்த ஊர் அது. அங்கே பல்லாண்டு வாழ்ந்தவர் அதைக் கொண்டுவராமல், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கண்ட கண்ணாடிக் கட்டிடத்தைக் கொண்டுவந்தார்! இலங்கையின் ஜெஃப்ரி பாவா உலகம் போற்றும் கட்டிடக் கலைஞராகி, 2001இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் பரிசைப் பெற்றவர். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் காலியைச் சேர்ந்த முஸ்லிம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டித் தந்த வீடு, தெருவுக்கு மதிலையும் தனக்கு முற்றத்தையும் வைத்துக்கொண்ட வீடு. அன்றைக்கு அதைவிடப் புதுமையான வீடு அந்நகரில் இருந்ததில்லை. முற்றத்தைப் பட்டிக்காட்டுச் சரக்கென்று நாம் இடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, எப்படித்தான் கட்டுவது? நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அலைக்கரையிலிருந்து இயன்றமட்டும் தள்ளி மனை எடுங்கள். அந்தப் பகுதியில் கண்ட வெள்ளத்தின் உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் அடித்தளத்தை உயர்த்துங்கள். கடலுக்கும் வீட்டுக்கும் இடையே புன்னையும் பூவரசும் தென்னையும் நிற்கட்டும். கிழக்கே எட்டடி ஆழத் தாழ்வாரம். அதன் கூரையை முதன்மைக் கூரையோடு பிணைக்காமல் தனியே போடுங்கள், புயல் அதைப் பிடுங்கினாலும் வீட்டின் தலை தப்பும். தாழ்வாரத்தின் பின்னே மரச்சட்டச் சன்னல்கள். நடுவே பத்துக்குப் பன்னிரண்டடியாவது முற்றம். திருட்டுப் பயத்துக்குக் கம்பிவலை போடுவதாயின் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டு மூடாதீர்கள், சூடு ஏறிப் போக வழி வேண்டும். இரண்டு தளத்துக்குள் நிற்கும் வீட்டுக்குச் செங்கற்சுவரே பாரம் தாங்கும். பட்டைகளுக்கு மட்டும் கம்பி போட்டால் துருப்பிடிக்க இரும்பு குறைவு. கூரைக்குச் சரிவு கொடுத்து ஓடு வேய்ந்து, ஓரங்களைக் கலவையால் கட்டிவிடுங்கள். வாஸ்து பேசும் மேஸ்திரி (நம்மவர் வீட்டிலும் அவர் பேசத்தான் செய்கிறார்) அடுப்படியைத் தென்கிழக்கு மூலையில் வைப்பார். கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மீன் குழம்பின் வாடையை வீடெங்கும் பரப்பும். அடுப்படி வடமேற்கில் இருக்கட்டும். வெளிச்சமும் புகைபோக்கியும் இருக்கட்டும். வாப்பா உம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை, அறையோடு குளியலறை. கழிப்பறையில் கிப்லாவை நோக்காத அமர்வை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டிய பிறகு திருப்புவது எளிதன்று.

ஐந்து படுக்கையறை யாருக்கு? மகன் ஆண்டில் நாற்பது நாள் வருகிறார். மருமகள் பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னையில். மீதி நாளெல்லாம் இரண்டு முதியவர்கள் கீழே ஓர் அறையில் வாழ, மேலே நான்கு அறைகள் பூட்டிக் கிடந்து, பூட்டும் துருப்பிடிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோழரின் உயர்ந்த குவிமாடத்தைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டதும், காரணம் அறிந்த அத்தோழர் அதை இடித்துவிட்டதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. தேவைக்கு மேற்பட்ட கட்டிடம் கட்டியவருக்கே சுமை என்ற பொருள்பட அண்ணலார் அங்கே கூறுகிறார்கள். இதை மேடையில் பேசுவோர் வீட்டிலும் பூட்டிய அறைகள் உள.

அண்டை வீட்டாரையும் மறந்துவிடக் கூடாது. கடற்கரை மணலுக்கடியில் நல்ல நீர், கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால் அடியில் ஏறத்தாழ நாற்பதடி நல்ல நீர் தாங்கும் என்பது கணக்கு. ஆழத் துளைத்து விசைக்குழாயால் உறிஞ்சினால், மேலே ஓரடி குறையக் கீழே நாற்பதடி உப்பு ஏறுகிறது. கொல்லையில் பன்னிரண்டடி உறைகிணறு தோண்டி வாளியால் இறைத்தவர்களால் ஊர் நீர் கெடவில்லை. காரைக் கழுவவும் புல்தரையை நனைக்கவும் இரவு பகலாக ஓடும் ஒரு விசைக்குழாய், வேலிக்கு அப்பால் உள்ள ஓலைக் குடிசைக்காரரின் கிணற்றை உப்பாக்குகிறது. மழைநீர்ச் சேமிப்பைத் தமிழகம் 2003இலேயே கட்டாயமாக்கிற்று. அனுமதி வாங்கப் படத்தில் ஒரு குழி வரைவதோடு சரி. அண்டைவீட்டான் ஒப்புதலின்றி அவன் காற்றைத் தடுக்கும்படி உயரக் கட்டாதே என்றொரு நபிமொழி சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்பர் ஹதீஸ் கலைவாணர். வரிசை பலவீனமாயினும், அந்தக் குடிசையில் கோடை இரவில் காற்றின்றித் துடிக்கும் குழந்தையின் புழுக்கம் பலவீனமானதன்று.

கடைசியாக ஒன்று. பழைய வீட்டு முற்றத்தில் நிக்காஹ் நடந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். நோன்புக் கஞ்சி பகிர்ந்தார்கள். வீட்டில் ஒருவர் இறையடி சேர்ந்தால், கிணற்றடியை ஒட்டிக் கொல்லையில் மறைப்புக் கட்டி ஜனாஸாவைக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓத, ஆண்கள் திண்ணையில் காத்திருந்தார்கள். சந்தூக்கு நடை வழியே வந்து, திண்ணையைக் கடந்து தெருவில் இறங்கிற்று. புதிய வீடுகளில் குளிப்பாட்டுவதற்கு இடம் இல்லாமல், கார் நிறுத்தும் கொட்டகையில் காரை வெளியே எடுத்துவிட்டு, தார்ப்பாய் கட்டி, தெருவில் போகிறவர் கால் தெரியும் அளவில் கடமையை முடிப்பதைக் காண்கிறோம். மாடியறையில் மூச்சடங்கிய மூதாட்டியைத் திரும்பித் திரும்பி இறங்கும் குறுகிய படிக்கட்டில் நாலுபேர் நாற்காலியில் வைத்து இறக்குகிறார்கள். அடுத்த முறை பொறியாளர் வரைபடத்தை மேசையில் விரிக்கும்போது, வீட்டுப் பெண்களையும் அருகில் அழைத்து உட்கார வையுங்கள். குளிப்பாட்டும் இடம் எது, சந்தூக்கு எந்த வழியே வெளியேறும் என்று அவர்கள் கேட்கட்டும். பொறியாளர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். கார் இரண்டு நிற்க அதில் இடம் குறித்திருக்கும்.